ஒற்றை எஞ்சினா, இரட்டை எஞ்சினா?

சிறிய நாடொன்றின் விமானப்படைக்கு எத்தகைய போர் விமானம் பொருத்தமானது என்று, விவாதப் போட்டிக்கு ஆயத்தமாகும் கிளிநொச்சி உயர்தர மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றது காப்பாற்றும் என்பதே தமது அணியின் முதன்மை வாதம் என்கிறார்.

அந்த வாதம் பிழையன்று. ஆனால் அதை மட்டும் நம்பி மேடையேறினால் எதிரணி எளிதில் மடக்கிவிடும். எஞ்சின்கள் இரண்டானால் ஏதேனும் ஒன்று பழுதடையும் வாய்ப்பும் ஏறத்தாழ இருமடங்காகும். மேலும் பல போர் விமானங்களில் இரண்டும் அருகருகே இருப்பதால், ஒன்றில் உடைந்து சிதறும் சுழல்தகடோ பற்றும் தீயோ மற்றதையும் தாக்கக்கூடும். எரிபொருள் மாசடைந்திருந்தால் இரண்டுமே நின்றுவிடலாம். பறவை மோதலில்தான் இரண்டாவது எஞ்சினின் அருமை தெளிவாகத் தெரியும். சுண்டிக்குளத்தில் வலசைப் பறவைகள் திரள்வதைக் கண்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

1975இல் அமெரிக்க விமானப்படை, இரட்டை எஞ்சின் வைஎப்-17ஐ விடுத்து ஒற்றை எஞ்சின் வைஎப்-16ஐத் தேர்ந்தது; அதுவே பின்னர் எப்-16 ஆனது. அப்படையின் மற்றொரு போர் விமானமான எப்-15இல் இருந்த அதே எஞ்சின் அதிலும் இருந்தமை ஒரு காரணம். போட்டியில் தோற்ற வைஎப்-17இன் வடிவமைப்பையே அமெரிக்கக் கடற்படை எடுத்து எப்/ஏ-18 ஆக வளர்த்தது, ஏனெனில் கடலின் மேல் நெடுந்தூரம் பறப்போருக்கு இரண்டாவது எஞ்சின் பெரும் ஆறுதல். எனினும் நோர்வே ஒற்றை எஞ்சின் எப்-16ஐ 1980 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வடதுருவக் குளிரில் பறக்கவிட்டது; எப்/ஏ-18ஐ வைத்திருந்த கனடாவும் 2023இல் ஒற்றை எஞ்சின் எப்-35ஐ வாங்க முடிவெடுத்தது. எஞ்சின்களின் நம்பகத்தன்மை உயர்ந்திராவிட்டால் இது நடந்திராது.

சிறிய நாட்டுக்குச் செலவே கடினமான கேள்வி. விமானமொன்றுக்கு இரண்டு எஞ்சின்களைப் பராமரிக்கும் படைக்கு உதிரிப்பாகங்களும் தொழில்நுட்பவியலாளரும் எரிபொருளும் கூடுதலாக வேண்டும். வெளிநாட்டுச் செலாவணி இறுகும்போது முதலில் வெட்டப்படுவது விமானியின் பயிற்சி நேரம். பயிற்சி குறைந்த விமானி, எஞ்சின் பழுதை விடப் பெரிய ஆபத்து என்பது என் கருத்து.

எஞ்சின் யாருடையது என்றும் கேளுங்கள். போர்க்காலத்தில் வன்னி மக்கள் ஒலியைக் கேட்டே இனங்கண்ட, இலங்கை விமானப்படையின் கிபிர் விமானத்தின் உடல் இஸ்ரேலில் உருவானது; அதன் ஒற்றை எஞ்சினோ அமெரிக்க வடிவமைப்பான ஜே79. அந்தப் பிடியைக் கொண்டே, 1977இல் ஈக்குவடோருக்குக் கிபிர் விற்க இஸ்ரேல் முயன்றபோது அமெரிக்கா தடுத்தது. எஞ்சின் ஒன்றானாலும் இரண்டானாலும் இந்தச் சிக்கல் மாறாது.

ஆகவே ஒற்றை எஞ்சினையே நான் பரிந்துரைப்பேன். உங்கள் அணி இரட்டை எஞ்சின் பக்கமே பேச வேண்டுமெனில், பாதுகாப்பைப் பின்தள்ளி, பரந்த கடற்பரப்பைக் காவல் செய்யும் தேவையையும், இந்தியாவின் சுகோய்-30 போன்றவை நெடுந்தூரம் சுமந்து செல்லும் ஆயுதப் பாரத்தையும் முன்வையுங்கள்.