இருபத்தைந்து நிமிடம் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

சில மாதங்களுக்கு முன் ஒரு குறிப்பில், பேய்ப்படம் என்றால் ‘தி ஷைனிங்’ ஒன்றுதான் என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, போன சனிக்கிழமை ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு மனைவியோடு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் அவள் தூங்கிவிட்டாள். நான் கடைசிவரை பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு இடத்தில்கூட எனக்கு உடம்பு சிலிர்க்கவில்லை. ஒரு ஆள் எழுதுகிறேன் என்று உட்காருகிறான், எழுத வரவில்லை, கோடாரியைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளையைத் துரத்துகிறான். இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

எனக்கு மூன்று கேள்விகள். அந்த ஹோட்டலில் இருப்பது நிஜமாகவே பேயா, இல்லை எல்லாம் அவன் மனப்பிரமையா? கடைசியில் 1921ல் எடுத்த போட்டோவில் அவன் எப்படி வந்தான்? நாவலை எழுதியவருக்கே படம் பிடிக்கவில்லையாமே, அப்புறம் நீங்கள் எல்லாம் ஏன் கொண்டாடுகிறீர்கள்?

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. உங்கள் வீட்டில் தூங்கிப்போனதிலும் தப்பில்லை. மெதுவாகப் போகிற படம், அதுவும் சனிக்கிழமை ராத்திரி.

மூன்று கேள்விகளையும் விட என் கண்ணில் பட்டது ‘இரண்டு மணி நேரம்’ என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான். ஸ்டான்லி குப்ரிக் 1980ல் அமெரிக்காவில் வெளியிட்ட படம் 144 நிமிடம் ஓடும். ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது அவரே உட்கார்ந்து 119 நிமிடமாக வெட்டினார். நீங்கள் பார்த்தது அந்தக் குட்டைப் படமாகத்தான் இருக்க வேண்டும். போன இருபத்தைந்து நிமிடத்தில் சிலது போனதே நல்லது. ஹோட்டல் கூடத்தில் ஒட்டடை படிந்த எலும்புக்கூடுகள் உட்கார்ந்திருக்கும் ஒரு காட்சி உண்டு, பொருட்காட்சி பேய்வீடு மாதிரி. அதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் அதோடு சேர்ந்து ஒரு டாக்டர் வீட்டுக்கு வரும் காட்சியும் முழுசாகப் போய்விட்டது. எனக்கு இந்தப் படம் அந்தக் காட்சியில்தான் இருக்கிறது.

கதை உங்களுக்குத் தெரியும். கொலராடோ மலைமேல் ஓவர்லுக் என்று ஒரு ஹோட்டல். குளிர்காலத்தில் பனி விழுந்து பாதை அடைத்துவிடும், ஐந்து மாதம் யாரும் வர முடியாது. அந்த ஐந்து மாதம் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஜாக் டாரன்ஸ் என்பவனை வேலைக்கு எடுக்கிறார்கள். மனைவி வெண்டி, பையன் டேனி. இவர்கள் ஹோட்டலுக்குப் போவதற்கு முன்பே டேனி ஒருநாள் மயங்கி விழுகிறான். குழந்தை டாக்டர் ஒரு அம்மா வந்து பார்த்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து வெண்டியிடம் பேசுகிறார். பையனுக்கு முன்னால் ஏதாவது அடிபட்டதா?

வெண்டியின் கையில் சிகரெட். வெண்டியாக நடித்த ஷெல்லி டுவால் அதைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். பேசப் பேச அதன் சாம்பல் நீண்டுகொண்டே போகிறது. எப்போது விழும் என்று நமக்குப் பதறுகிறது, அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. சிரித்த முகமாகச் சொல்கிறாள்: அது சும்மா ஒரு விபத்துதான். அன்றைக்கு அவர் குடித்திருந்தார், மூன்று மணி நேரம் தாமதமாக வந்தார், மனநிலை அவ்வளவு சரியில்லை. இவன் அவருடைய பள்ளிக்கூடக் காகிதங்களை எல்லாம் இறைத்துப் போட்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்தார். பூங்காவில், தெருவில் பிள்ளையை நாம் நூறு தடவை அப்படி இழுக்கிறோம் இல்லையா, அந்த மாதிரிதான். அன்றைக்குக் கொஞ்சம் பலம் கூடிப்போயிற்று, கையில் அடிபட்டுவிட்டது. ஆனால் அதிலும் ஒரு நல்லது நடந்தது பாருங்கள், இனி ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று சொன்னார், தொடவும் இல்லை, ஐந்து மாதம் ஆகிறது.

டாக்டர் அம்மா ஒன்றும் சொல்வதில்லை. முகம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, ஹோட்டல் மதுக்கூடக் காட்சிக்கு வாருங்கள். அது உங்கள் பிரதியிலும் இருக்கும். ஆளில்லாத கூடத்தில் ஜாக் உட்கார்ந்து, இல்லாத மதுக்கடைக்காரனிடம் புலம்புகிறான். ஐந்து மாதம் குடிக்காமல் கிடந்தேன் என்கிறான். பையன் மேல் கை வைத்த கதையையும் சொல்கிறான், மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததை இவள் இன்னும் மறக்கவிடவில்லை என்று.

மூன்று வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளையின் கையை இழுத்தது மூன்று வருடத்துக்கு முன்னால், குடியை விட்டது ஐந்து மாதத்துக்கு முன்னால். நடுவே இரண்டரை வருடம் எங்கே போயிற்று? டாக்டரிடம் பேசும்போது வெண்டி அதைத் தூக்கி மறைத்துவிட்டாள். டாக்டரிடம் மறைத்தாளா, தன்னிடமே மறைத்துக்கொண்டாளா என்பது வேறு விஷயம். இன்னொன்று: ஜாக்கும் அங்கே, ஒரு கணம் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை, வினாடிக்கு இத்தனை அடி-பவுண்டு ஆற்றல் கூடிவிட்டது என்று இயற்பியல் பாடம் மாதிரி சொல்கிறான். ‘கொஞ்சம் பலம் கூடிப்போயிற்று.’ அதே வாக்கியம். அவன் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம் ஆனது அது. கூடத்தில் உட்கார்ந்து அதை ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள், கையில் சாம்பல் நீள்கிறது.

இந்தக் குடும்பம் தன் பேயைத் தானே பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் மலை ஏறுகிறது என்று நான் நினைக்கிறேன். அந்தக் காட்சி இல்லாமல் பார்த்தால் நீங்கள் சொன்ன கதைதான் மிஞ்சும்: ஒரு ஆள், எழுத வரவில்லை, கோடாரி.

விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன் என்றீர்கள். இந்தப் படத்துக்கு அது தேவையே இல்லை. ஓவர்லுக்கில் இருட்டு மிகக் குறைவு. அந்தப் பெரிய கூடம், தாழ்வாரம், சமையலறை எல்லாமே இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் போட்ட செட். வெளியில் தெரியும் கட்டடம் மட்டும் ஆரிகன் மாநிலத்து மலையில் உள்ள டிம்பர்லைன் லாட்ஜ். கூடத்தின் ஜன்னல்களுக்குப் பின்னால் பெரிய விளக்குகளை வரிசையாக அடுக்கிப் பனிக்காலப் பகல் வெளிச்சத்தை உண்டாக்கினார்கள். 1979 தொடக்கத்தில் அங்கே தீப்பிடித்து செட்டே எரிந்துபோனது. அத்தனை வெளிச்சம். ஒளிந்துகொள்ள மூலை கிடையாது, யாரும் திடீரென்று கதவுக்குப் பின்னாலிருந்து பாய்வதும் அநேகமாகக் கிடையாது. எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் எதுவோ சரியில்லை. தொடக்கத்தில் மேனேஜரின் அறையைக் கவனித்தீர்களா? ஜாக் முன்கூடம் கடந்து, அலுவலகம் கடந்து கட்டடத்தின் உள்ளே போகிறான். அந்த உள்ளறையில் வெளியே பார்க்கிற ஜன்னல், வெயில், மரம். அந்த இடத்தில் ஜன்னல் இருக்கவே முடியாது. நமக்கு அது தெரிவதில்லை, உள்ளே எங்கேயோ மட்டும் உறுத்துகிறது.

அப்புறம் அந்த மூன்று சக்கர வண்டி. நான் முதலில் இந்தப் படத்தைப் பார்த்தது தேய்ந்துபோன ஒரு வீடியோ கேசட்டில். முகமே சரியாகத் தெரியாது. என்னோடு தங்கியது சத்தம்தான். டேனி தாழ்வாரத்தில் வண்டியை மிதித்துக்கொண்டு போகிறான். மரத்தரையில் கடகடகடவென்று போகும், கம்பளத்தில் ஏறியதும் சட்டென்று ஊமையாகும், இறங்கியதும் மறுபடி கடகட. வேறு ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை சத்தம் அடங்கும்போதும் நம் மூச்சும் அடங்குகிறது. கேமரா தரையிலிருந்து சில அங்குலம் மேலே, பையனின் முதுகுக்குப் பின்னாலேயே போகும். ஆள் சுமந்துகொண்டு ஓடினாலும் படம் ஆடாமல் பிடிக்கிற ஸ்டெடிகேம் கருவியைக் கண்டுபிடித்த காரெட் பிரவுனே ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தது. ‘ராக்கி’ படத்தில் படிக்கட்டு ஏறிய அதே கருவி, இங்கே ஒரு குழந்தையின் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அந்த உயரம் முக்கியம், அதற்கு வருகிறேன்.

பேயா, பிரமையா? நீங்களே கண்டுபிடிக்கலாம். ஜாக் பேயோடு பேசும் இடங்களில் எல்லாம் கண்ணாடியைத் தேடிப் பாருங்கள். மதுக்கூடத்தில், 237ஆம் அறையில், சிவப்புக் கழிப்பறையில், எங்கும் எதிரே கண்ணாடி இருக்கும். தன்னோடுதான் பேசுகிறான் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். வெண்டி அவனை மளிகைச் சாமான் அறையில் போட்டு வெளியே தாழ் போடுகிறாள் அல்லவா, அதுவரைக்கும்தான். அங்கே கண்ணாடி இல்லை. பழைய காவல்காரன் கிரேடியின் குரல் மட்டும் கதவுக்கு அப்பாலிருந்து மரியாதையாகப் பேசுகிறது, ஒரு மேலதிகாரி ஊழியனிடம் விளக்கம் கேட்பதுபோல. பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம். பிரமை தாழ்ப்பாளைத் திறக்காது. ஆக, பேய் உண்டு. ஆனால் அது வெளிப்படையாகச் செய்கிற காரியம் அந்த ஒன்றுதான்: உள்ளே அடைத்து வைத்திருந்த ஒரு ஆளைத் திறந்துவிட்டது.

நாவலாசிரியர் விஷயத்துக்கு வருவோம். ஸ்டீபன் கிங் 1974ல் கொலராடோவின் எஸ்டெஸ் பார்க்கில் ஸ்டான்லி ஹோட்டலுக்கு மனைவியோடு போனார். பருவம் முடிந்து மூடப்போகிற நேரம், ஹோட்டலில் வேறு விருந்தினர் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது 217ஆம் அறை. நாவல் 1977ல் வந்தது. அதில் அறை எண் 217தான். டிம்பர்லைன்காரர்கள், எங்களிடம் நிஜமாகவே 217 இருக்கிறது, படம் பார்த்துவிட்டு ஒருவரும் தங்க வரமாட்டார்கள் என்று கேட்டுக்கொண்டதால் படத்தில் 237 ஆனது. இப்போது அந்த லாட்ஜில் ஜனங்கள் அதிகம் கேட்டு வாங்குகிற அறை 217. இந்த மனிதர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

கிங்கின் கோபம் நியாயமானது. அவருடைய ஜாக் அடிப்படையில் நல்லவன். குடியோடு போராடுகிறவன், ஹோட்டல் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கடைசி நேரத்தில்கூட ஒரு கணம் தெளிந்து மகனிடம் ஓடிப்போ என்கிறான். பிறகு கொதிகலன் வெடித்து ஹோட்டலே எரிகிறது. படத்தில் அவனாக நடித்த ஜாக் நிக்கல்சன் வேலைக்கு நேர்காணல் கொடுக்கும்போதே புருவத்தைத் தூக்குவதைப் பார்த்தால் யாரும் வீட்டுச் சாவியைக் கொடுக்கமாட்டார்கள். பைத்தியம் பிடிக்க இடமே மிச்சமில்லை என்பது கிங்கின் குறை. 1997ல் அவரே திரைக்கதை எழுதி, அதே ஸ்டான்லி ஹோட்டலில் படம் பிடித்த தொலைக்காட்சித் தொடர் வந்தது. நாவலுக்கு விசுவாசமான தொடர். நான் ஒருமுறை பார்த்தேன், போதும்.

அந்த நாளில் கிங்கே குடிக்கு அடிமைதான். தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று தெரியாமலே அந்த நாவலை எழுதியதாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அதனால் நாவல் தகப்பனின் பக்கம் நின்று பேசுகிறது, அவனுக்கு ஒரு மன்னிப்பையும் வைத்திருக்கிறது. குப்ரிக் கேமராவைப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கிவிட்டார். அங்கிருந்து பார்த்தால் அப்பாவின் உள்மனப் போராட்டம் தெரியாது. இன்றைக்கு அவர் முகம் எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

ஷெல்லி டுவாலை அந்த ஆண்டின் மோசமான நடிகை என்று, மட்டமான படங்களுக்குக் கேலியாக விருது கொடுக்கிற ரேஸி விருதுக்காரர்கள் பரிந்துரைத்தார்கள். 2022ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அவர் 2024ல் காலமானார். அழுதுகொண்டே இருக்கிறாள் என்பதுதான் அன்றைய புகார். டைப்ரைட்டர் முன்னால் அவன் உட்கார்ந்திருக்கும்போது அவள் வந்து வானிலை பற்றிப் பேசும் இடத்தைப் பாருங்கள். நான் இங்கே இருந்தால் வேலை செய்கிறேன் என்று அர்த்தம், வராதே, இப்போதே போய்த் தொலை என்கிறான். ‘சரி’ என்கிறாள், ஒரு சின்னத் தலையசைப்போடு. ஒரு ஆளின் மூக்கு விடைப்பதை வைத்தே வீட்டின் அன்றைய தட்பவெப்பத்தைக் கணிக்கப் பழகியவர்களுக்கு அந்த ‘சரி’ நன்றாகத் தெரியும். மோசமான நடிப்பாம்.

அவன் டைப் அடித்த காகிதக் கட்டு பற்றி ஒரு கொசுறு. பக்கம் பக்கமாக ஒரே பழமொழிதானே இருக்கும், விளையாட்டில்லாமல் வேலையே கதி என்று கிடந்தால் ஜாக் மந்தமாகிவிடுவான் என்று. குப்ரிக் அதை வேற்று மொழிக்காரர்களுக்காகத் தனித்தனியாக டைப் அடிக்கச் சொல்லிப் படம்பிடித்தார். இத்தாலியில் காலைப் பொழுதின் வாயில் தங்கம் இருக்கிறது என்று வரும். ஜெர்மனியில் இன்று முடிவதை நாளைக்குத் தள்ளாதே. தமிழுக்கு என்றால் ‘அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது’ என்று அடிக்கச் சொல்லியிருப்பேன். எழுத்தாளனுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

போட்டோ. 1921 ஜூலை நான்காம் தேதி நடன விருந்து என்று அதில் எழுதியிருக்கிறது. அவன் மறுபிறவியா, ஹோட்டல் அவனை விழுங்கி ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டதா என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது பிடிக்கும். ஆனால் அந்தப் படம் எப்படி வந்தது என்பது இன்னும் சுவாரசியம். குப்ரிக் ஒரு நிஜப் பழைய போட்டோவை எடுத்து, நடுவில் நின்றவரின் முகத்தை அழித்துவிட்டு நிக்கல்சனின் முகத்தை ஒட்டினார். மூலப்படம் எது என்று 2025ல்தான் கண்டுபிடித்தார்கள். லண்டன் கென்சிங்டனில் ஒரு ஹோட்டல், 1921 பிப்ரவரி 14, காதலர் தின நடனம். நடுவில் நின்றவர் சாந்தோஸ் கசானி என்ற நடன ஆசிரியர். ஆண்டு மட்டும் அசலாகவே 1921. கோட்டும் கையும் இன்னும் கசானியுடையவை, தலை மட்டும் போய்விட்டது.

144 நிமிடப் பிரதியைத் தேடிப் பிடித்து இன்னொரு முறை பாருங்கள். டாக்டர் வரும் காட்சி முதல் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். உங்கள் வீட்டில் தூங்குவதற்கு அதற்கப்புறமும் பத்து நிமிடம் இருக்கிறது. விளக்கு எரியட்டும்.