ஆர்டிஎஃப் எழுதியும் பலன் இல்லையா? ராயபுரத்தில் தொடங்குங்கள்

உங்கள் நூல்களின் விவரங்களை ஆறு மாதமாக ஆர்டிஎஃப்பில் (இயந்திரம் புரிந்துகொள்ளும்படி தகவலை எழுதும் முறை) எழுதியும் ஒருவரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை என்கிறீர்கள். மீதி 90 புத்தகங்களுக்கு அதை எழுதுவதை நிறுத்திவிடுங்கள். உங்கள் ராயபுரம் பதிப்பகத்துக்கு ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொற்பட்டியலின் 'புக்' வகைத் தரவை, ஜேசன்-எல்டி வடிவில் (பக்கத்தின் நிரலுக்குள் வைக்கும் சிறு தரவுத் துண்டு) வைத்தாலே போதும். தலைப்பு, ஆசிரியர், ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்), மொழி, அவ்வளவுதான்.

யாரும் எடுக்காதது உங்கள் தப்பு இல்லை. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் நண்பர்களும் 2001-ல், வலையில் உள்ளதை இயந்திரங்களும் புரிந்துகொள்ளும் என்ற கனவை விரித்ததிலிருந்தே உள்ள சிக்கல்தான்: நுணுக்கி எழுதும் வேலை பதிப்பாளருக்கு, பலன் வேறு யாருக்கோ. (நானும் ஒரு வருடம் கையைச் சுட்டுக்கொண்டவன்.) பெரிய நூல் வணிகம் ஓனிக்ஸ் (நூல் விவரங்களைப் பரிமாறும் வணிகத் தர வடிவம்) பக்கம் போய்விட்டது. உங்கள் கடைக்காரர் கேட்பதும் எக்செல் தாள்தானே?

ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் காட்டிய மாதிரியில் ஒரு நூலில் 'ராயபுரம்', அடுத்ததில் 'இராயபுரம்'. 'தண்டையார்பேட்டை'யில் ஒரு 'ப்' வருகிறது, போகிறது. நமக்கு இரண்டே ஊர், இயந்திரத்துக்கு நாலு. ஊருக்கு ஒரு விக்கித்தரவு எண் (விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் அந்த ஊருக்குள்ள அடையாள எண்) கொடுங்கள். அப்புறம் பக்க முகவரியை ஸ்கீமா வேலிடேட்டரில் (தரவின் பிழைகளைச் சோதிக்கும் இணையக் கருவி) ஒட்டிப் பாருங்கள். அச்சுநூலுக்கும் மின்னூலுக்கும் ஒரே ஐஎஸ்பிஎன் போட்டிருந்தால் அந்தத் தவறைக் கருவி கண்டுபிடிக்காது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த விவரங்களைக் கூகுள் தேடலில் காட்டியே தீரும் என்று இல்லை. ஆய்விதழ் போடுவதாக இருந்தால் கதை வேறு. அங்கே டிஓஐ (ஆய்வுக் கட்டுரைக்கான நிலையான அடையாள எண்) தரவை நிஜமாகவே பயன்படுத்துகிறார்கள்.