கட்டுப் போட்ட கையும் மனச்சோர்வு மாத்திரையும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன் டாக்டர். அம்மாவுக்கு 64 வயது. அப்பா தவறிய பிறகு மனச்சோர்வு வந்து, மூன்று வருடமாக ஃப்ளூவாக்ஸெட்டின் 20 மில்லிகிராம் சாப்பிடுகிறார். ஐந்து வாரம் முன்பு கோயில் வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது, மாவுக்கட்டு போட்டிருக்கிறது. "அந்த மாத்திரை எலும்பைக் கூடவிடாது" என்று யாரோ சொல்ல, பத்து நாளாக அம்மா அதைத் தொடவே இல்லை. செய்தது சரியா?

பதில்: அம்மா பயந்ததில் தப்பில்லை. யாரையும் கேட்காமல் நிறுத்தியதுதான் தப்பு. மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஃப்ளூவாக்ஸெட்டின் வகை மாத்திரைகள் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகின்றன. ஆனால் செரட்டோனின் மூளைக்கு மட்டும் உரியதல்ல. உடம்பில் பெரும்பங்கு குடலில்தான் உருவாகிறது. எலும்பைக் கட்டும் செல்களும் கரைக்கும் செல்களும் அதற்குக் கட்டுப்படுகின்றன. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஃப்ளூவாக்ஸெட்டின் கொடுத்த எலிகளின் முறிந்த எலும்பில் கட்டும் செல்கள் சரியாக முதிரவில்லை. முறிவைச் சுற்றிப் புது எலும்பு குறைவாகவே வளர்ந்தது. மனிதர்களில், 2014-ல் வந்த கனடிய ஆய்வு ஒன்று பல் இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்தவர்களைப் பார்த்தது. இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 10.6 சதவீத இம்ப்ளாண்ட் எலும்போடு சேராமல் போனது, மற்றவர்களில் 4.6 சதவீதம். ஆனால் மனச்சோர்வு தானே எலும்பைக் கெடுக்கும்: சாப்பாடு குறையும், நடமாட்டம் நிற்கும், கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். மாத்திரையின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை. மணிக்கட்டு கூடாமல் போகும் என்று பயப்பட இது போதாது. புகைப்பதும் கட்டுப்படாத சர்க்கரையும் எலும்புக்குச் செய்யும் கெடுதல் இதைவிட நிச்சயமானது.

இன்னொன்று, ஃப்ளூவாக்ஸெட்டின் உடம்பை விட்டு மெல்லத்தான் போகும். முழுதும் கழிய ஐந்து வாரம்கூட ஆகலாம். அதனால் இந்தப் பத்து நாளில் எலும்புக்குக் கிடைத்த லாபம் எதுவுமில்லை. முறிவை இணைக்கும் புது எலும்பின் பெரும்பகுதி இதற்குள் உருவாகியிருக்கும். ஆறாம் வார எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். நிறுத்தியதன் விளைவோ இனிமேல்தான் தலைகாட்டும்: தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை. தலைசுற்றி அம்மா மறுபடி விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். வலிக்கு என்ன மாத்திரை கொடுத்தார்கள்? என்னிடம் வந்த ஒரு பாட்டியம்மா மாத்திரைப் பையை மேசையில் கவிழ்த்தார்; ஃப்ளூவாக்ஸெட்டினும் டிரமடால் என்ற வலி மாத்திரையும் ஒன்றாக உருண்டன. எழுதியவர்கள் வேறு வேறு டாக்டர்கள், ஒருவருக்கு மற்றவர் கொடுத்தது தெரியாது. இந்த இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு வரலாம், வலிப்பும் வரலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இப்யூபுரூஃபன் வகை வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். கோடீன் கலந்த வலி மாத்திரையோ ஃப்ளூவாக்ஸெட்டினோடு சரியாக வேலை செய்யாது. நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு இந்த எச்சரிக்கை வேண்டும். பையை அப்படியே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்தால் எலும்பு மெலியும் எலும்புப்புரை நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எலும்பு அடர்த்தி ஸ்கேனும் வைட்டமின் டி அளவும் கேளுங்கள். ரத்தத்தில் சோடியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் கட்டாயம். இந்த வகை மாத்திரைகள் வயதானவர்களுக்குச் சோடியத்தைக் குறைத்து, நடையைத் தள்ளாட வைக்கும். அம்மா விழுந்தது தரை வழுக்கியதால் மட்டும்தானா என்பதும் அதில் தெரியலாம்.

சாப்பாட்டில் பருப்பு, முட்டை, அமாசி (புளித்த பால்) இருக்கட்டும். மீன் சாப்பிடுவார் என்றால், நம் கடற்கரைக்குக் கூட்டமாக வரும் சார்டின் மிக நல்லது. புளிக்குழம்பில் முள் மெத்தென்று ஆகும்வரை வேகவிட்டு, முள்ளோடு மென்று சாப்பிடச் சொல்லுங்கள். சுண்ணாம்புச்சத்து அந்த முள்ளில்தான் இருக்கிறது.

இன்று இரவு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று கேளுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால், விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.