பைன் கூம்பும் கடுகுக்காயும் வரைகிற மகள்

ஐயா, வணக்கம். மருத்துவம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் மகள் பைன் மரத்தையும் கடுகுச்செடியையும் ஒப்பிட்டு நோட்டு நோட்டாக எழுதுகிறாள், இது எங்கே போய் முடியுமோ என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்தான். தாவரவியல் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் வேலை தானாக வந்து நிற்காது. ஆனால் எந்தப் படிப்பு என்று தேடும் முன், அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். எந்த வேறுபாட்டில் அவள் பேனா அதிக நேரம் நின்றிருக்கிறது?

விதையில் என்றால் ஒரு வழி. பைனில் விதை கூம்பின் செதில்மேல் மூடாமல் உட்கார்ந்திருக்கும். மகரந்தம் வந்து சேர்ந்தபின் கருவுறவே ஏறக்குறைய ஓராண்டு ஆகும். கடுகில் ஓரிரு நாளில் வேலை முடிந்து, விதை காய்க்குள் பத்திரமாக வளரும். இதில் மனம் போகிறவர்களுக்கு விதைத் தொழில்நுட்பமும் பயிர் மேம்பாடும் பொருந்தும்.

தண்டை வெட்டிப் பார்க்கிறவள் என்றால், கடுகில் பெரிய ஓட்டைகளாகத் தெரியும், நீரை ஏற்றும் சைலக்குழாய்கள் பைனில் இல்லாததைக் கவனித்திருப்பாள். அங்கே நீரை ஏற்றுவது டிரக்கீடுகள் என்ற ஒடுங்கிய நீளச் செல்கள். அந்த நீள நார்தான் காகிதத்துக்கு வலு. வனவியல், மரத் தொழில்நுட்பம் பக்கம் பார்க்கலாம்.

என் ஆசை என்னவோ மூன்றாவது வழி மேல்தான். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியின் மரபணுத்தொகுதியை 2000-ஆம் ஆண்டிலேயே படித்துவிட்டார்கள், சுமார் 13.5 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். பைனுக்கு உறவான ஸ்ப்ரூஸ் மரத்துக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் சுமார் 2,000 கோடி எழுத்துகள்! ஆனால் மரபணுக்களை எண்ணினால் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 28,000-ஐ ஒட்டித்தான். மரத்தில் மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். நோட்டில் இதைப் பற்றி ஒரு 'ஏன்?' இருந்தால், மரபணுத் தரவைக் கணினியில் அலசும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம் தயங்காமல் விடுங்கள். அதற்குச் செடி மட்டும் தெரிந்தால் போதாது. புள்ளியியலும் பைத்தான் நிரல் எழுதுவதும் வேண்டும், விடுமுறையிலேயே தொடங்கலாம்.

"இதுக்கெல்லாம் என்ன சம்பளம் வரும்?" என்று மட்டும் முதலில் கேட்டுவிடாதீர்கள், அப்புறம் நோட்டை ஒளித்துவிடுவாள். அதிகம் அடித்துத் திருத்திய இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். விண்ணப்பப் படிவத்தை அதன் பிறகு எடுக்கலாம்.