நாயின் கருப்பைச் சீழும் ஈ. கோலையின் மரபணுக்களும்: கேள்வி பதில்

கேள்வி (மன்னார்குடி): எங்கள் ஏழு வயதுச் சிப்பிப்பாறைப் பெட்டைக்குக் கருப்பையில் சீழ்; சோதனையில் ஈ. கோலை என்னும் பாக்டீரியா என்று வந்தது. அது எல்லா நாயின் குடலிலும் இருப்பதுதானே, ஐயா?

பதில்: இருப்பதுதான், ஆனால் எல்லா ஈ. கோலையும் ஒன்றல்ல. 1997இல் முழுமையாகப் படிக்கப்பட்ட கே-12 என்னும் சாதுவான ஆய்வக வகையின் மரபுத்தொகுதி, அதாவது அதன் முழு டிஎன்ஏ, ஏறத்தாழ 46 லட்சம் வேதி எழுத்துகள். மனிதரின் சிறுநீர்ப் பாதையைத் தாக்கிய ஒரு வகையின் தொகுதி 2002இல் வெளியானபோது 52 லட்சமாக இருந்தது. அந்த மிகுதியில் பெரும்பகுதி வேறு நுண்ணுயிர்களிடமிருந்து திட்டுத் திட்டாக வந்து சேர்ந்த மரபணுக்கள். செல்லில் ஒட்டும் நுண்ணிழைகள், இரும்பைக் கவரும் மூலக்கூறுகள், செல்லைத் துளைக்கும் ஹீமோலைசின் என்னும் நச்சு ஆகியவற்றுக்கான குறிப்புகள் அவற்றில் உள்ளன. நாயின் கருப்பைச் சீழில் பெரும்பாலும் கிடைப்பவை இந்த வகைக்கு நெருங்கிய உறவுகளே. இரத்தம் கலந்த கிருமி வளர்ப்புத் தட்டில் (இரத்த அகார்) அவற்றை வளர்த்தால், ஹீமோலைசின் உள்ள கூட்டத்தைச் சுற்றிச் சிவப்பு கரைந்து தெளிந்த வளையம் தெரியும். ஒட்டும் இழைக்குரிய ஃபிம் மரபணுக்களுக்கு முன்னால் 314 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இருக்கிறது. அது ஒரு பக்கம் புரண்டால் இழை முளைக்கும், மறுபக்கம் புரண்டால் நின்றுவிடும்.

ஆனால் கிருமி மட்டும் போதாது. பெட்டையின் இனச்சேர்க்கைச் சூடு அடங்கிய பிறகு புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகுந்திருக்கும் வாரங்களில் கருப்பைச் சுவர் தடித்து, சுருங்கும் ஆற்றல் குறைந்து, உள்ளெதிர்ப்பும் தளர்ந்துவிடுவதால்தான் குடலில் தீங்கின்றி இருந்த அதே கிருமி அங்கே வேரூன்றுகிறது.

கேள்வி (திருவாரூர்): குட்டி போடாமலிருக்க ஊசி போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஊசிகளில் பல புரோஜெஸ்டிரோனைப் போன்றே வேலை செய்பவை.

கேள்வி (கும்பகோணம்): வாய்க்கால் தண்ணீரில் புரண்டதால்தான் இது வந்தது. எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு நாய்களுக்கு வந்ததே?

பதில்: இதை நான் ஏற்கவில்லை. ஒரே நாயின் மலத்திலும் கருப்பையிலும் எடுத்த கிருமிகளின் டிஎன்ஏவைத் துண்டாக்கிக் கூழ்மத்தில் ஓடவிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே பட்டை வரிசை கிடைத்திருக்கிறது; அதாவது கிருமி பெரும்பாலும் அந்த நாயின் குடலிலிருந்தே வருகிறது.

கேள்வி (மயிலாடுதுறை): கும்பகோணத்துக்காரர் சொல்வதே சரி. மழைக்காலத்தில்தானே இப்படி ஆகிறது?

பதில்: மழையைப் பார்க்காதீர்கள், அந்த நாய் கடைசியாகச் சூட்டுக்கு வந்த மாதத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு பெட்டைகள் அடுத்தடுத்துச் சூட்டுக்கு வந்திருந்தால் நோயும் அடுத்தடுத்து வரலாம். வாய்க்கால்தான் காரணம் என்றால், வாய்க்கால் நீரின் கிருமியும் கருப்பையின் கிருமியும் மரபணுவில் ஒத்திருக்க வேண்டும். அதைக் காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

கேள்வி (பட்டுக்கோட்டை): ஆண் நாயிடமிருந்து தொற்றியதா?

பதில்: இணை சேராத பெட்டைக்கும் இது வரும்.

கேள்வி (நன்னிலம்): பசுவின் கருப்பைச் சீழுக்கும் இதே கிருமியா?

பதில்: அதன் கதை வேறு, கால்நடை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (பாபநாசம்): மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கலாமா? இல்லையென்றால் அந்தக் கருத்தடை ஊசியாவது?

பதில்: ஊசி வேண்டாம் என்று முன்பே சொன்னேன். மாத்திரையும் வேண்டாம். மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பல பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால் ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன. வளர்ப்புச் சோதனையில் எந்த மருந்து கேட்கும் என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

கேள்வி (திருவையாறு): சூடு முடிந்து ஆறு வாரம். சீழ் எதுவும் வடியவில்லை, ஆனால் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பிடவில்லை.

பதில்: நாளை வரை காத்திருக்காதீர்கள். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே தெரியாது. கிருமியின் நச்சு சிறுநீரகம் நீரைத் தக்கவைப்பதைத் தடுப்பதால்தான் இவ்வளவு தாகம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ இன்றே கொண்டுபோய் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். கருப்பையை அகற்றும் அறுவைக்கும் தயாராக இருங்கள்.