வெளிநாட்டு ஃபெலோஷிப் என்று பணம் கேட்டால்

கேள்வி: என் மகள் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் டாக்டர். எம்.ஆர்.சி.பி.சி.எச். என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவத் தேர்வை இப்போதுதான் முடித்தாள். குழந்தைகளின் வயிறு, ஈரல் நோய்களில் நிபுணராக வேண்டும் என்கிறாள். 45 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் ஒரு வருட வெளிநாட்டு ஃபெலோஷிப் (உயர் பயிற்சி), திரும்பி வந்ததும் நிபுணர் என்கிறார் ஒரு ஏஜென்ட். தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஈ.பி.எஃப். சேமநிதிப் பணத்தைக் கொடுக்கலாமா?
- சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. ஒரு வெள்ளிகூட வேண்டாம்.

எம்.ஆர்.சி.பி.சி.எச். பெரிய தேர்வுதான். ஆனால் அதோடு ஒருவர் நிபுணராகிவிட முடியாது. மூத்த நிபுணர்களின் மேற்பார்வையில் இன்னும் கொஞ்ச காலம் வேலை பார்த்து, குழந்தை நல நிபுணராக கெசட் ஆக வேண்டும், அதாவது அரசாங்கம் நிபுணர் என்று முறைப்படி அங்கீகரிக்க வேண்டும். அதன் பிறகுதான் சுகாதார அமைச்சின் ஃபெலோஷிப்புக்கு மனுப் போட முடியும். அந்தப் பயிற்சி 3 வருடம். அப்போதும் மகள் அரசாங்க டாக்டர்தான், மாதச் சம்பளம் வரும். பணம் கட்டி வாங்குகிற சாமான் இல்லை இது.

ஏஜென்ட் விற்பது பெரும்பாலும் அப்சர்வர்ஷிப், அதாவது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற அனுமதி. அந்த நாட்டில் மருத்துவப் பதிவு இல்லாதவர் நோயாளியைத் தொட முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு இளம் டாக்டர் இப்படிப் போய்விட்டு வந்து, தங்க எழுத்தில் அச்சடித்த சான்றிதழை என் மேசைமேல் வைத்தார். "எத்தனை ஸ்கோப் செய்தீர்கள்?" என்று கேட்டேன். தலை குனிந்துவிட்டார்.

ஸ்கோப் என்பது கேமரா வைத்த குழாயை விட்டு வயிற்றையும் குடலையும் உள்ளே பார்ப்பது, கை பழக வேண்டிய வேலை. இடது கைப் பெருவிரல் சக்கரத்தைத் திருப்பும், வலது கை குழாயை மெல்ல உள்ளே விடும். மேசையில் படுத்திருப்பது பத்துக் கிலோ குழந்தை. அதன் குடல் சுவர் எவ்வளவு மெல்லியது தெரியுமா! குழந்தைகளின் வயிறு, ஈரல் நிபுணர்களுக்கான வட அமெரிக்கச் சங்கத்தின் வழிகாட்டி, பயிற்சி முடிவதற்குள் இரைப்பை ஸ்கோப் மட்டும் 100 கேட்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஒன்றுகூடக் கணக்கில் வராது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏஜென்ட்டுகள் இதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். அமைச்சின் பயிற்சியில் சேர்ந்தவர் அதில் ஒரு பகுதியை வெளிநாட்டில் செய்வது உண்டு. அது உண்மையான பயிற்சி. ஆனால் அவர் ஏற்கெனவே கெசட் ஆனவர், பயிற்சியில் இருப்பவர். எங்கே போவது என்பதை அவருடைய ஆசிரியரும் அமைச்சும் சேர்ந்து ஒத்துக்கொண்டிருப்பார்கள், கடிதம் அந்த மருத்துவமனையிலிருந்து நேரே வரும். நடுவில் கமிஷன்காரருக்கு வேலையே இல்லை. "அவர்களும் வெளிநாடு போனார்களே" என்று ஏஜென்ட் சொன்னால், போனது உண்மை, போன வழி வேறு.

இவர்கள் பிழைப்பதற்கு நம் நடைமுறையும் ஒரு காரணம். அமைச்சிலிருந்து கடிதம் வரும் வரும் என்று காத்திருந்தே இளம் டாக்டர்கள் சலித்துப்போகிறார்கள். இந்தத் துறையிலோ ஆட்கள் மிகக் குறைவு. பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் காமாலை போகாத, வெளிறிய மலம் போகிற குழந்தைக்குப் பித்தநாளம் அடைத்திருக்கலாம். ஈரலிலிருந்து பித்தம் குடலுக்கு இறங்க வழி செய்யும் 'கசாய்' (Kasai) அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தோட்டத்துத் தாய் கிளினிக் கிளினிக்காக அலைந்து கோலாலம்பூர் வந்து சேரும்போது மூன்று மாதம் ஓடியிருக்கும். அந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவே இல்லை. உங்கள் மகள் இந்தத் துறைக்கு வர வேண்டும், கட்டாயம் வர வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? கெசட் வேலையை உடனே தொடங்கச் சொல்லுங்கள், துறைத் தலைவரை அவளே நேரில் பார்க்கட்டும். இன்றிலிருந்தே தான் பார்க்கும் ஈரல், குடல் நோயாளிகளைக் குறித்து வைக்கட்டும். அப்புறம் அந்த ஏஜென்ட் கொடுத்த கடிதத்தை எடுத்து, அதில் எங்காவது 'அப்சர்வர்' என்ற சொல் இருக்கிறதா என்று இன்று இரவே பார்க்கச் சொல்லுங்கள் ஐயா. முதல் பக்கத்தில் இருக்காது, கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.