பழைய சிறைச் சுவரில் சிமெண்ட் பூச்சு ஏன் நிற்பதில்லை?

மதுரை அரசரடி மத்திய சிறையை இடையபட்டிக்கு மாற்றினால் பழைய சுவர்களை எப்படிக் காப்பது, சிமெண்ட் பூசினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, கெடுதல்தான்.

அந்தச் சிறை 1865-ல் வந்தது. அக்காலச் சுவர் என்றால் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லை உதிர்த்து மாவாக்கும். சில வருடத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும்.

செய்ய வேண்டியது: சிமெண்டை உளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அரைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசுங்கள். சித்திரை வெயிலில் இந்த வேலை வேண்டாம். சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும், ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள்.

தாமதம்தான் பயமாக இருக்கிறது. சென்னை சென்ட்ரல் அருகிலிருந்த 1837-ஆம் ஆண்டுச் சிறை 2006-ல் புழலுக்கு மாறியது, 2009-ல் இடிக்கப்பட்டது.